பணி நேரத்தில் நான் அத்தை இல்லை

உட்காருங்கள் டீச்சர். கையில் விடைத்தாள் கட்டு இருக்கிறதே, டீச்சராகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் நன்றாக உட்காருங்கள். ஷட்டரை ஏற்ற வேண்டாம், அது ஏறாது. நான் ஏறியதும் இழுத்துப் பார்த்துவிட்டேன். பாதியில் சிக்கிக்கொண்டிருக்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. சாரல் அடிக்கும், ஆனால் காற்று வராது. மழைக்காலத்தில் இந்த பஸ் இப்படித்தான்.

எங்கே இறங்குகிறீர்கள்? பழைய பஸ் நிலையமா? நான் அதற்கு முந்தின நிறுத்தம், கலெக்டர் ஆபீஸ். ஒரு விசாரணைக்குப் போகிறேன். நகர்ந்து உட்காராதீர்கள், நான் எதையும் எடுத்துவிடவில்லை. எடுத்ததாகச் சொல்லியிருந்தால், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இது அப்படி இல்லை. என் மருமகளுக்கு நான் சலுகை காட்டினேன் என்று புகார். நான்! வேலங்கரை பேரூராட்சியில் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அன்னலட்சுமி மேடம் மருமகளுக்குச் சலுகை காட்டினாரா என்று. சிரிப்பார்கள்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் பாருங்கள். பச்சைப் புடவை, ஒற்றைப் பின்னல். அவள்தான் கோகிலா, என் மருமகள். அவளுக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் மரகதம். புகார் கொடுத்தவள் அவள்தான். மூன்று பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து இந்த நேரத்துக்கு இந்த ஒரு பஸ்தான். அதனால் ஒரே பஸ்ஸில் வருகிறோம், வேறொன்றும் இல்லை. கோகிலா அங்கே போய் உட்கார்ந்திருப்பதும் இடம் இல்லாததால்தான். என் பக்கத்தில் இடம் இருந்ததே என்றால், அதில் என் பை இருந்தது.

கொஞ்சம் முன்கதையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் அங்கே சுகாதார மேற்பார்வையாளர். என் கணவர் அதே பேரூராட்சியில் பம்பு ஆபரேட்டராக இருந்தார். அவர் மஞ்சள் காமாலையில் போனபிறகு, வாரிசு வேலை என்று எனக்குக் கொடுத்தார்கள். அது சட்டப்படி வருவது, சிபாரிசு இல்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? "புருஷன் செத்ததுல வந்த வேலை" என்று என் காதுபடவே பேசினார்கள். குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்து, சாக்கடை ஓரம் நின்று, மேற்பார்வையாளர் ஆகிறவரை அந்தப் பேச்சைச் சுமந்தேன். இன்றைக்கும் ஆபீசில் யாராவது இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் அதைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

முன்பு எங்களுக்கு ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் இருந்தார். தன் மச்சானைக் கொண்டுவந்து வேலையில் சேர்த்தார். அந்த ஆள் காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் வெயில் ஏறியபிறகுதான் எழுந்திருப்பான். அவன் தெருவையும் சேர்த்து நாங்கள்தான் பார்த்தோம். எங்களுக்கு வயிறு எரியும். அப்போதே நான் முடிவு செய்தேன். என் வீட்டு ஆள் யாராவது இந்த ஆபீசுக்கு வந்தால், மற்றவர்களைவிட இரண்டு பங்கு வேலை செய்தாக வேண்டும். ஒருத்தர் ஒரு சொல் சொல்லக்கூடாது.

வரவே கூடாது என்று முடிவு செய்திருக்கலாமே என்கிறீர்களா? அது எப்படி டீச்சர்? நம் வீட்டுப் பிள்ளையை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

மழை வந்தால் எங்களுக்கு டெங்கு வேலை. அதற்குப் பெண்களைத் தினக்கூலிக்கு எடுப்போம். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். தண்ணீர்த் தொட்டி, டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேருகிற தட்டு, எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கொசுப்புழு நெளிந்தால் கொட்டச் சொல்வார்கள். கொட்ட முடியாத தொட்டியில் மருந்து ஊற்றுவார்கள். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். "நேத்துதானே வந்தீங்க?" என்று நீங்கள் கதவைச் சாத்தியிருப்பீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான்.

கோகிலா எப்படிச் சேர்ந்தாள் என்றால், முறைப்படிதான் சேர்ந்தாள். மழைக்கு முன்னால் எங்கள் செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் யார் யார் மேடம்?" என்று கேட்பார். ஈ.ஓ. என்போம் அவரை. நான் பெயர்களைச் சொல்வேன். வழக்கமாக வருகிறவர்கள்தான். இந்த வருஷமும் சொன்னேன். அந்தப் பெயர்களோடு கோகிலா பெயரையும் சொன்னேன். சிபாரிசு செய்யவில்லை டீச்சர், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"உங்க மருமகளா மேடம்?" என்று ஈ.ஓ. கேட்டார்.

"ஆமா சார். ஆனா வேலையில அவ எனக்கு மருமக இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மரகதத்தின் பெயரை நான் நீக்கவில்லை. இருக்கிற இடம் அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லாமல் விடவேண்டியிருந்தது. விட்டது அவள் பெயராகப் போய்விட்டது.

கோகிலா அப்போது வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என் மகன் மணிமாறன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் வர வாரக்கணக்காகும். இவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருப்பாள். தெருப் பெண்கள் வந்து அளவு கொடுக்கிற சாக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. பேரூராட்சி என்றால் இன்றைக்குத் தினக்கூலி, என்றைக்காவது ஒருநாள் நிரந்தரம் ஆகிவிடும். ஜாக்கெட் தைத்தால் எது நிரந்தரம் ஆகும்?

"எனக்கு இதுவே போதும் அத்தை" என்றாள்.

"உனக்குப் போதும். ஊர்ல நாலு பேர் மதிக்க வேணாமா?" என்றேன்.

மிஷினை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். வீட்டில் இருந்தால் புத்தி அதில்தான் போகும்.

சேர்ந்த அன்றைக்கே கோட்டைப் போடச் சொல்லி, எதிரில் நிற்கவைத்துச் சொன்னேன். "கோட்டு போட்டிருக்கற வரைக்கும் நான் உனக்கு அத்தை இல்ல. மேடம். கழட்டினப்புறம் அத்தை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தை."

"கோட்டுல இருக்க."

"புரிஞ்சுது மேடம்."

புத்திசாலிப் பெண் டீச்சர். ஒருமுறை சொன்னால் போதும்.

அவளுக்குக் கடைவீதியைக் கொடுத்தேன். எங்கள் ஊரிலேயே கஷ்டமான தெரு அதுதான். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடித் தொட்டி. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கோகிலாவுக்கு உயரம் என்றால் பயம். வீட்டுப் பரணில் பாத்திரம் எடுக்கவே என்னைத்தான் கூப்பிடுவாள். அது தெரிந்துதான் கொடுத்தேன். பயம் என்று தெரிந்துகொண்டு சமதரைத் தெருவாகப் பார்த்துக் கொடுத்தால், அதற்குப் பெயர்தானே சலுகை?

எங்களிடம் ராஜகுமாரி என்று ஒருத்தி இருக்கிறாள். வாய்க்காரி. முதல் நாளே கேட்டாள், "மேடம், அந்தப் புள்ளைக்குக் கால் நடுங்குது. நான் வேணா கடைவீதி பார்க்கறேனே? எனக்கு ஏணி பழக்கம்தான்."

"உன் தெரு எதுவோ அதைப் பாரு" என்றேன்.

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்கு மருமகளா வர்றதுக்கு டெங்குவே வந்துட்டுப் போகலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை டீச்சர், சத்தியமாக வரவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இதைவிட நல்ல சான்றிதழ் யார் தருவார்கள்?

ஒருநாள் அரிசி மண்டிப் பக்கம் நாய் அவள் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. மற்றவர்களுக்கு இப்படி ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வோம். அதுதான் வழக்கம். இவளை நான் எப்படிப் போகச் சொல்வேன்? மருமகள் என்பதால் அனுப்பிவிட்டேன் என்று ஆகாதா? "ஊசி போட்டுக்கிட்டு நேரா கடைவீதிக்கு வந்துடு" என்றேன். வந்தாள். காலில் கட்டோடு, ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து, ஏணியில் ஏறினாள். ஜவுளிக்கடைக்காரர் கீழே நின்று, "இறங்கும்மா, எங்க தொட்டியில புழு இல்ல, நான் எழுதித் தர்றேன்" என்று கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தாங்காது, அதுதான் காரணம். ராத்திரி அவள் தூங்கியபிறகு காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். அது வீட்டு விஷயம். அதை விசாரணையில் சொல்ல மாட்டேன்.

நிறுத்தம் வந்துவிட்டதா? இல்லை, யாரோ சந்தைக்கூடையோடு ஏறுகிறார்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கருவாட்டுத் தண்ணீர் உங்கள் விடைத்தாளில் சொட்டும்.

எங்கே விட்டேன்? ஆங், கொசுப்புழு. சொன்னால் சிரிப்பீர்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்தார். எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். நெளிகிறது! மேற்பார்வையாளர் வீட்டில் கொசுப்புழு! ராஜகுமாரி கோட்டு நுனியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

நான் அந்த இடத்திலேயே என் வீட்டுக்கு அபராதம் எழுதினேன். அதிகாரியே, "விடுங்கம்மா, சுத்தம் பண்ணிடுங்க போதும்" என்றார். நான் கேட்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டில் தண்ணீர், தொட்டி, தட்டு எல்லாம் கோகிலா பொறுப்பு என்பதால் அவள் கூலியிலிருந்துதான் கட்டினோம். எல்லோர் முன்னாலும் கேட்டேன், "ஊர்த் தொட்டியெல்லாம் பார்க்கற, வீட்டுத் தட்டைப் பார்க்க மாட்டியா?" என்று.

அவள் தலையைக் குனிந்துகொண்டே, "விடிகாலையில சமைச்சு வெச்சுட்டு உங்களோடதான் கிளம்பறேன். உங்களோடதான் திரும்பறேன். எப்பப் பார்க்கறது மேடம்?" என்றாள்.

நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்டதால் அபராதச் சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தாள். கரண்டியோடு வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா மேடம்?" என்றாள்.

"கோட்டு இல்லையே, அத்தைன்னு சொல்லு" என்றேன்.

"சரி மேடம்" என்றாள்.

கிண்டல் இல்லை டீச்சர். அவளுக்குக் கிண்டல் தெரியாது. அன்றிலிருந்து வீட்டிலும் மேடம்தான். காபி வைக்கும்போது மேடம், விளக்கேற்றும்போது மேடம். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். மரியாதைதானே? ஆனால் ஒரு விஷயம். வீட்டுக்குள் ஒரு ஆள் நம்மை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், காலை நீட்டி உட்காரவே வரமாட்டேன் என்கிறது. பனியனும் பாவாடையுமாக விசிறிக்கொண்டு கிடப்பேன் முன்பெல்லாம். இப்போது வீட்டிலும் புடவை கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போது என் பணி முடிகிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒருமுறை அவள் கேட்டாள், "நான் நின்னுடட்டுமா?" என்று. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"முடியல."

"இப்ப நின்னா என்ன பேசுவாங்க தெரியுமா? மாமியார் பேருக்குக் கொண்டுவந்து வெச்சா, வேலை செய்ய உடம்பு வணங்கலன்னு பேசுவாங்க. இவ்வளவு நாள் கஷ்டப்பட்டது எல்லாம் வீணாப் போகும். உன் கஷ்டம் மட்டுமில்ல, என் கஷ்டமும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மணிமாறன் எங்கேயோ நாக்பூர் பக்கத்திலிருந்து போன் செய்தான். "அம்மா, அவளை விட்டுடும்மா" என்றான். "என்னடா விட? நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்?" என்று கேட்டேன். பின்னால் லாரி ஹாரன் சத்தம். அவன் சொன்னது கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மரகதம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். கலெக்டர் முன்னால், நேராக, தன் பெயரைச் சொல்லி. "போன மழைக்கு நான் பார்த்த வேலை, இந்த மழைக்கு மேற்பார்வையாளரோட மருமகளுக்குப் போயிடுச்சு" என்று. போகிறவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூப்பிட்டுச் சமாதானம் செய்திருப்பேன்.

அவள் இப்போது என்ன செய்கிறாளா? மரகதமா? ஏதோ கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். முகூர்த்த நாள் இருந்தால் வேலை. அவள் புருஷன் படுத்த படுக்கை என்று கேள்வி. ஏன் கேட்கிறீர்கள்? இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை டீச்சர். கேள்வி என்ன? நான் சலுகை காட்டினேனா இல்லையா. அதுதான் கேள்வி.

போன வாரம் அந்தப் புகாரை விசாரிக்கப் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் எங்கள் ஆபீசுக்கே வந்தார். மன்றக் கூடத்தில் விசாரணை. எல்லோரும் சுவர் ஓரம் நின்றோம். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறார். கோகிலாவை முன்னால் கூப்பிட்டு, "பயப்படாமச் சொல்லும்மா. உங்க மாமியார் உனக்கு ஏதாவது சலுகை காட்டினாங்களா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து ராஜகுமாரி "சலுகையாம்!" என்று மூக்கால் சிரித்தாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. முடிந்தது கதை என்று நினைத்தேன். கோகிலா இல்லை என்பாள், ஏணியைச் சொல்வாள், நாயைச் சொல்வாள், அபராதத்தைச் சொல்வாள். நான் ஒன்றும் பேசவே வேண்டியிருக்காது.

கோகிலா சொன்னாள், "காட்டினாங்க சார்."

உதவி இயக்குநர் பேனாவை எடுத்தார்.

"என்ன சலுகை?"

"இந்த வேலைதான் சார். போன வருஷம் மரகதம் அக்கா பார்த்த தெருதான் இது. இந்த வருஷமும் அவங்களுக்குத்தான் வந்திருக்கணும். அவங்க மாமியார் இங்க மேடமா இல்ல. என் மாமியார் இருக்காங்க. அதனால எனக்கு வந்துச்சு."

"நீ கேட்டியா?"

"நான் கேக்கல சார். வேணாம்னுதான் சொன்னேன்."

நான் குறுக்கே போனேன். "சார், அவளுக்குச் சமாளிச்சுப் பேசத் தெரியாது. சின்னப் பொண்ணு. நான் ஒரு நாள், ஒரு பொழுது, ஒரு சுலபமான தெரு குடுத்ததில்ல சார். இவங்க எல்லாரையும் கேளுங்க."

அவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ராஜகுமாரி நிறையவே ஆட்டினாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, நான் சேர்த்ததைப் பத்திக் கேக்கறேன். நீங்க படுத்தினதைப் பத்திச் சொல்றீங்க" என்றார்.

படுத்தினது! எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பாராட்டாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"கேட்டாங்க. சொன்னேன் மேடம்."

"இப்ப என்ன ஆகும் தெரியுமா?"

"என்னை எடுத்துடுவாங்க."

துவைத்த துணியை மடிப்பது மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன். மறுநாள் அவள் தம்பி வந்து வாசலில் எதையோ இறக்கினான். பார்த்தால் தையல் மிஷின். சாயங்காலம் முழுக்க அதைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசனை வீடெல்லாம்.

ஈ.ஓ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், ரெண்டு வழிதான் இருக்கு. அந்தப் பொண்ணு விலகணும். இல்லன்னா உங்களை வேற ஊருக்கு மாத்துவாங்க, சர்வீஸ் புக்குல குறிப்போட. பேசாம, தப்பாப் பேரைச் சொல்லிட்டேன், மரகதத்தையே எடுத்துக்கங்கன்னு ஒரு வரி சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லது."

தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன் டீச்சர்? அப்படிச் சொன்னால், இத்தனை வருஷம் நான் நிமிர்ந்து நின்றது எல்லாம் என்ன ஆவது? ஓய்வு பெறப் போகிற நேரத்தில், "புருஷன் செத்ததுல வந்தவ, மருமகளையும் கொண்டுவந்து நுழைச்சா" என்று பேசுவார்கள். அவர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று எனக்குத் தெரியும். நிரூபிப்பது. இன்றைக்குக் கடைசி விசாரணை, அதற்குத்தான் போகிறேன். ராஜகுமாரியைச் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் மகன் வண்டியில் வருகிறாள். கேட்டவுடன் ஒப்புக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்றேன் மேடம். ஏணி, நாய், அபராதம். ஒண்ணு விடாமச் சொல்றேன்" என்றாள். வாய்க்காரியாக இருந்தாலும் நல்ல மனசு.

ஜவுளிக்கடைக்காரரும் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? நான் கறாரானவள் என்பது நிரூபணமாகிவிட்டால் புகார் தள்ளுபடி. கோகிலா வேலையும் நிற்கும், என் பெயரும் நிற்கும். திங்கட்கிழமை அவள் மறுபடி கடைவீதிக்குப் போகலாம்.

நீங்கள் படித்தவர். சொல்லுங்கள், நம்புவார்கள்தானே?

நம்புவார்கள் என்கிறீர்கள். ஆனால் ஏன் அதை இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள்?

இந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா? அவள் கோட்டு. காலையில் கோட்டு போடாமல் பச்சைப் புடவையோடு கிளம்பிவிட்டாள். மறந்திருப்பாள். நான்தான் இஸ்திரி போட்டு எடுத்து வந்திருக்கிறேன். உள்ளே போவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். விசாரணைக்குப் போகிற நேரமும் பணி நேரம்தான்.

அது யார் சிரிப்பு, முன்னால்? அந்தக் கூடைக்காரம்மாவா?

கோகிலாவா? கொஞ்சம் தலையைச் சாயுங்கள், பார்க்கிறேன். ஆமாம், அவள்தான். மரகதம் ஏதோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பொத்தியும் இங்கே வரைக்கும் கேட்கிறது பாருங்கள். எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. தைக்கும்போது, அந்தத் தெருப் பெண்களோடு, ஒருவேளை சிரித்திருப்பாள். நான் ஆபீசில் இருந்திருப்பேன்.

புகார் கொடுத்தவளோடு என்ன சிரிப்பு டீச்சர்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எழுந்துவிட்டாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். நிறுத்தம் வரப்போகிறது போலிருக்கிறது.

"அத்தை, அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். பையைக் குடுங்க, படி வழுக்கும்."

"கோட்டு இருக்கு அதுல. எடுத்துப் போட்டுக்கோ."

"எனக்கு வேணாம் அத்தை. அது மரகதம் அக்காவோடது. நீங்க எழுந்திருங்க, கம்பியைப் பிடிச்சுக்கங்க."

கேட்டீர்களா டீச்சர்? அத்தையாம். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா இந்தச் சொல்லைக் கேட்டு? அதுவும் பணி நேரத்தில், நாலு பேர் முன்னால். நான் இப்போதே திருத்தியிருக்க வேண்டும், மேடம் என்று சொல் என்று. வாயில் வரமாட்டேன் என்கிறது. கையை வேறு பிடித்துக்கொண்டிருக்கிறாள். தைக்கும்போது விரலில் மாட்டுகிற உறையின் தடம் மறுபடி விழுந்திருக்கிறது பாருங்கள்.

கிட்டே வாருங்கள், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் உள்ளே போய் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டேன் என்று வையுங்கள். ராஜகுமாரி ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள், அவர்களும் நம்பிவிட்டார்கள் என்று வையுங்கள். நாளைக்குக் காலையில் இவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

இல்லை, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

கண்டக்டர் தம்பி, விசில் ஊதிவிடாதீர்கள். இறங்குகிறேன். கொஞ்சம் பொறுங்கள், இறங்கத்தான் போகிறேன்.